குப்பை குழாயில், பழி கார்புரேட்டருக்கு!

பாலுசெட்டிசத்திரம் சந்திப்பு. பளபளக்கும் கார்களும் பாரம் ஏற்றிய லாரிகளும் பறந்துகொண்டிருக்கும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை. அந்தச் சாலையின் ஓரத்திலே, பட்டப்பகலில், ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்பதா? நின்றுவிட்டது என்பதே பொருத்தம்! பக்கத்திலே நம் தோழர் ஒருவர். தறியை நம்பி வாழ்பவர்; திருப்புட்குழிக்காரர். உதைக்கிறார், உதைக்கிறார், ஓய்ந்துபோய் நிற்கிறார், மறுபடியும் உதைக்கிறார். வியர்வை வழிகிறதே தவிர, வண்டி வாய் திறக்கவில்லை. தோளில் தொங்கும் பையிலே, காஞ்சிபுரத்தில் வாங்கி வந்த பட்டு நூலும் சரிகையும். அவை வீடு போய்ச் சேர்ந்தால்தான் தறி ஓடும். தறி ஓடினால்தான் அடுப்பு எரியும்.

"என்ன ஆயிற்று, தோழரே?" என்று கேட்டோம் நாம்.

"கார்புரேட்டர் போய்விட்டதாம்! மாற்ற வேண்டுமாம்! மூவாயிரத்துக்கு மேல் ஆகுமாம்!" என்றார் அவர்.

போய்விட்டதாம், மாற்ற வேண்டுமாம், ஆகுமாம்! இந்த 'ஆம்'களைக் கவனித்தீர்களா, தோழர்களே? யாரோ சொன்னார், இவர் கேட்டுக்கொண்டார். ஏன் போயிற்று என்று கேட்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. வார முழுவதும் தறிக்குழியில் உட்கார்ந்து சம்பாதித்த காசைக் கொட்டிக் கொடுக்கத் தயாராகிவிட்டார், ஒரு 'ஆம்' என்ற சொல்லை நம்பி!

இந்த 'ஆம்' பற்றித்தான் இன்று எழுதுகிறோம். மோட்டார் சைக்கிளைப் பற்றி அரசியல் ஏட்டிலே என்ன எழுத்து என்று சிலர் கேட்கக்கூடும். மாநாட்டு ஊர்வலத்தில் கொடி கட்டி முன்னே செல்லும் வண்டி அது. விடியற்காலையில் ஆலை வாயிலுக்குத் தொழிலாளியைக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. நெசவாளிக்குப் பாவு சுமப்பதும், காய்கறிக்காரருக்குக் கூடை சுமப்பதும் அதுவே. அது நின்றால் அன்றையக் கூலி நிற்கிறது. கூலியைப் பற்றி எழுதாமல் வேறு எதைப் பற்றி எழுதுவது?

கேள்வி கேட்ட ஊர்

சந்திப்பிலிருந்து திருப்புட்குழி கூப்பிடு தூரம்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஊருக்குள் நடந்தோம். புள் என்றால் பறவை. இராமன் சடாயுவுக்கு இறுதிக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணம், அதனாலே திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலும், சடாயு தீர்த்தம் என்னும் குளமும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. இன்னொரு செய்தியும் உண்டு. இராமானுசர் இளமையிலே யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது இந்த ஊரிலே என்றும், குரு சொன்ன பொருள் மனத்துக்கு ஒவ்வாதபோது, குருவாயிற்றே என்று வாய்மூடி இராமல் மறுத்துப் பேசினார் என்றும் வைணவ மரபு கூறுகிறது.

குருவே சொன்னாலும் ஏன், எப்படி என்று கேட்ட மரபை நினைவில் வைத்திருக்கும் ஊரிலே, பட்டறைக்காரர் சொல்லிவிட்டார் என்பதற்காகக் கேள்வி கேளாமல் காசை நீட்டுவதா? கேட்டோம் நாம் நம் தோழரை. சிரித்தார் அவர். சிரிப்பிலே வெட்கம் பாதி, வேதனை பாதி.

ஊருக்குள்ளே ஒரு வேப்பமரம். அதன் நிழலிலே, வேலையிலிருந்து ஓய்ந்துபோன பழைய மெக்கானிக் ஒருவர், கயிற்றுக் கட்டிலிலே உட்கார்ந்திருந்தார். "வண்டியைக் கொஞ்சம் பாருங்க, ஐயா" என்றார் தோழர். பெரியவர் வண்டியைத் தொடவில்லை. வாயைத்தான் திறந்தார்.

"தம்பி, எவ்வளவு தூரம் ஓடினதும் நிக்குது?"

"பத்துக் கிலோமீட்டர் நல்லாத்தான் ஓடுதுங்க. அப்புறம் இழுவை குறைஞ்சு, விக்கி விக்கி நின்னுடுது."

"நின்ன பிறகு?"

"கால் மணி நேரம் கழிச்சு உதைச்சா கிளம்பும். மறுபடி கொஞ்ச தூரம், மறுபடி நிக்கும்."

பெரியவர் எழுந்தார். ஸ்பேனரை எடுக்கவில்லை, திருப்புளியை எடுக்கவில்லை. பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு! டேங்கு காற்றை உள்ளே இழுத்த ஓசை அது. "இப்ப உதை, தம்பி" என்றார். ஒரே உதை! தடதடவென்று பேசத் தொடங்கியது புல்லட்.

மூவாயிர ரூபாய் நோய்க்கு மூடியைத் திறந்தது மருந்து!

மந்திரம் அல்ல, மூடித்துளை

இதிலே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். முதலில் ஒழுகும், பிறகு விக்கும், கடைசியில் நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் கொட்டும். எண்ணெய் வெளியே வர, காற்று உள்ளே போகவேண்டும். பெட்ரோல் டேங்கின் மூடியிலே அதற்காகவே ஒரு சிறு துளை உண்டு. புழுதியும் பாலீஷும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்துவிட்டால், பத்துக் கிலோமீட்டர் வரையில் பெட்ரோல் இறங்கும். பிறகு டேங்கினுள்ளே வெறுமை உண்டாகி, இறங்க மறுக்கும். வண்டி நிற்கும். கால் மணி நேரத்தில் இடுக்கு வழியே சிறிது காற்று கசிந்து உள்ளே போகும், வண்டி கிளம்பும். நோயாளி சொன்ன விவரத்திலேயே நோயின் பெயர் இருக்கிறது. கேட்கத்தான் காது வேண்டும்.

நெசவாளத் தோழர்கள் இதை மற்றவர்களைவிட எளிதில் அறிவார்கள். பாவிலே ஓர் இழை அறுந்தால் என்ன செய்கிறோம்? பாவையே வெட்டி எறிகிறோமா? அறுந்த இழை எது, எந்த இடத்தில் அறுந்தது என்று விரலால் தேடிப் பிடித்து, அந்த ஒன்றை மட்டும் பிணைக்கிறோம். வண்டிக்கும் அதுவே முறை. டேங்கு ஒரு முனை, எஞ்சின் மறுமுனை, நடுவிலே பெட்ரோல் ஓடுவது ஓர் இழை. இழை எங்கே அறுந்தது என்று மேலிருந்து கீழே தேடிவந்தால், அகப்படாமல் எங்கே போகும்?

அன்று வேப்ப மரத்தடியில் பெரியவர் காட்டிய வரிசையை, நாம் கண்டபடி, தோழர்களுக்குச் சொல்கிறோம். முதலில் ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். இடம் காற்றோட்டமாக இருக்கவேண்டும். அருகிலே பீடி, சிகரெட், அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு படர்ந்து சென்று நெருப்பைத் தேடிப் பிடிக்கும். ஒரு பீடிக்காக ஒரு குடும்பம் தவிக்கவேண்டாம்.

மேலிருந்து கீழே

முதலாவது, பிளக். பெட்ரோல் குற்றவாளியா என்று விசாரிக்குமுன், பொறி வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி மூடியில் மாட்டி, எஞ்சினின் உலோகத்திலே படும்படி வைத்து, பிளக் துவாரத்துக்குத் தள்ளியே வைத்துக்கொண்டு, உதைத்துப் பார்க்கவேண்டும். நீலப் பொறி பளிச்சென்று வந்தால் மின்சாரம் நிரபராதி. வராவிட்டால் பாயிண்டையும் காயிலையும் பாருங்கள். கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். பிளக்கின் நுனியே ஒரு கடிதம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெள்ளை வெளேரென்று வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. இளம் பழுப்பாக இருந்தால் நலம். பல முறை உதைத்த பிறகும் நனையாமலே இருந்தால், பெட்ரோல் வந்து சேரவே இல்லை என்று பொருள்.

இரண்டாவது, டேங்கு. பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், தோழர்களே! ரிசர்வுக்குத் திருப்ப மறந்து வண்டியைத் தள்ளியவர்கள் நம்மிலே எத்தனை பேர்! இருந்தால், மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டுப் பார்ப்பது, துளையைச் சுத்தம் செய்வது. உள்ளே துரு தெரிகிறதா, பல நாள் கிடந்த பெட்ரோலின் புளித்த வார்னிஷ் வாடை வருகிறதா என்றும் பார்ப்பது.

மூன்றாவது, டேப்பும் குழாயும். கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் பாட்டிலிலே விட்டு, டேப்பைத் திறவுங்கள். நூல் பிடித்தாற்போல் ஒரே சீராகப் பாய்ந்தால் அதுவரை வழி சுத்தம். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் வலையிலே துரு அடைத்திருக்கிறது. அல்லது உப்பிப்போன ரப்பர் குழாய் உள்ளுக்குள்ளே வழியை மூடியிருக்கிறது.

நான்காவது, கார்புரேட்டரின் அடிக்கிண்ணம். அதிலே தேங்கியிருக்கும் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலிலே வடித்து, வெளிச்சத்திலே பிடித்துப் பாருங்கள். நம் தோழரின் வண்டியிலே இந்த இடத்திலும் ஒரு குறை வெளிப்பட்டது. பாட்டிலின் அடியிலே முத்து முத்தாகத் தண்ணீர்! வண்டி நின்றது கூரையில்லாத வாசலிலே. பெய்தது ஐப்பசி மழை. தேய்ந்துபோன மூடி வாஷர் வழியே இறங்கியது தண்ணீர். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம். ஆகவே அடியிலே தங்கும். ஜெட் இருப்பதும் அடியிலேதான். இழுவை குறைந்து விக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாவது, மிதவையும் ஊசியும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலே மிதவை உயர்ந்ததும் குழாய் அடைபடுவதில்லையா? அதே வேலைதான் இங்கும். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகினால், ஊசியின் முனையிலே தூசு சிக்கியிருக்கிறது. திருப்புளியின் கைப்பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டினால் பல நேரம் விழுந்துவிடும். விழாவிட்டால் கழற்றிப் பார்க்கவேண்டும். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே 'களக்' என்று ஓசை வருகிறதா? மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்திருக்கிறது. ஊசியின் முனையிலே தேய்ந்த வளையம் தெரிகிறதா? ஊசிதான் புதிதாக வேண்டும், கார்புரேட்டர் அல்ல!

ஸ்டவ் பின்னைத் தூர வையுங்கள்

ஆறாவது, ஜெட். இங்கேதான் அவசரக் கைகள் அநியாயம் செய்கின்றன. ஜெட் செய்யும் வேலை என்ன? மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கும் பிளிட் பம்பைப் பழைய தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழாயின் வாய் மீது காற்று வேகமாகப் போகிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. கீழே இருக்கும் மருந்து தானே மேலேறித் தூவலாகச் சிதறுகிறது. கார்புரேட்டரும் அதுவே. எஞ்சின் இழுக்கும் காற்று குறுகிய கழுத்தினூடே பாய்கிறது. ஜெட் வழியே பெட்ரோல் எழும்பிக் காற்றோடு கலக்கிறது. 1893-ஆம் ஆண்டிலே ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோன்கா என்னும் இருவரும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரை உருவாக்கினார்கள். அந்த அடிப்படை இன்றளவும் மாறவில்லை.

எடைக் கணக்கிலே 1 பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பது ஜெட்டின் துளை. தலைமுடி அளவு மாறினாலும் கணக்குக் கெடும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குக் குத்துவதுபோல, கம்பியாலே ஜெட்டைக் குத்துகிறவர்களைப் பார்க்கிறோம். பித்தளை மெத்தென்ற உலோகம். குத்தக் குத்தத் துளை பெருத்துப் பெட்ரோல் குடிக்கும் வண்டியாகிவிடும். ஜெட்டைக் கழற்றிச் சுத்தமான பெட்ரோலிலே ஊறவைத்து, பஞ்சர் கடையிலே காற்று வாங்கி ஊதி, வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரியவேண்டும். பிடிவாதமான அழுக்கு என்றால் நைலான் பிரஷின் ஓர் இழை போதும்.

எந்த ஜெட் என்று எப்படி அறிவது? முறுக்கைக் கேளுங்கள். முறுக்காமல் நிற்கும்போது அணைந்துபோனால் பைலட் ஜெட். கால் முறுக்கிலிருந்து முக்கால் முறுக்கு வரையில் தடுமாறினால் ஸ்லைடிலே தொங்கும் நீடில். முழு முறுக்கிலே மூச்சு வாங்கினால் மெயின் ஜெட். வண்டி தன் வாயாலே சொல்கிறது!

ஏழாவது, காற்று. ஏர் பில்டர் புழுதியால் அடைந்தால் பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் பொருத்திலே விரிசல் இருந்தால், திருட்டுக் காற்று நுழைந்து, முறுக்கை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்க மறுக்கும். இவை எல்லாம் சரியான பிறகுதான், கடைசியாக, டியூனிங். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டிலே பெரும்பாலும் காணும் மைக்கார்ப் வி.எம். 24 வகையிலே, காற்றுத் திருகை மெல்ல உள்ளே முடியுமட்டும் திருகி, 1½ சுற்று வெளியே எடுத்துத் தொடங்கலாம். எஞ்சின் சூடான பிறகு, சீராகவும் வேகமாகவும் துடிக்கும் இடத்திலே அந்தத் திருகை நிறுத்தி, அதன் பின் ஐடில் திருகாலே வேகத்தைத் தணிக்கவேண்டும். இரவிலே டேப்பை மூடுங்கள். பல நாள் ஓடாமல் நிற்கப்போகிறது என்றால் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

அவ்வளவுதான்! அன்று நம் தோழருக்கு ஆன செலவு, மூடிக்கு ஒரு ரப்பர் வாஷர், மூவருக்கும் தேநீர். பெரியவர் கூலி கேட்கவில்லை. கொடுத்தபோது, "நூல் வீடு போய்ச் சேரட்டும், தம்பி" என்றார்.

யார்மீது பழி?

கார்புரேட்டரை மாற்றச் சொன்ன பட்டறைக்காரரைத் திருடர் என்று நாம் சொல்லமாட்டோம். அவர் இளைஞர். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் போய், கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வந்தது. அவர் கற்றது அதை. கற்காததைக் கழற்றி மாற்றுவதுதானே அவருக்குத் தெரிந்த வழி?

காலத்தின் கோலத்தைப் பாருங்கள்! 1955-இல் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரிலே புல்லட் தயாரிக்க முனைந்தன. ரெடிட்ச் நகரத்திலே இருந்த தாய்த் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. பிறந்த வீட்டில் விளக்கு அணைந்தது. புகுந்த வீட்டில், தமிழகத் தொழிலாளியின் கைத்திறத்தாலே, தொடர்ந்து எரிந்தது. 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன. இரண்டும் இதே காஞ்சிபுரம் வட்டாரம்! புதிய வண்டி உருவாகும் அதே வட்டாரத்திலே, தந்தை வாங்கி மகனுக்கு விட்டுச்சென்ற பழைய வண்டியைப் பழுது பார்க்கும் கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. வேப்ப மரத்தடிப் பெரியவருக்குப் பின் யார்? இந்தக் கேள்விக்கு விடை, வண்டியின் சொந்தக்காரரே கற்றுக்கொள்வதுதான்.

பெட்ரோலும் மாறிவிட்டது

கற்கவேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய வண்டி மாறவில்லை. அதற்கு நாம் ஊற்றும் பெட்ரோல் மாறிவிட்டது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், இ-20 என்னும் பெயரிலே, 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2030-இல் எட்டுவதாக முதலில் குறித்த 20 விழுக்காட்டு இலக்கை 2025-இலேயே எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. கரும்பு விவசாயிக்கு வருவாய். வெளிநாட்டு எண்ணெய்க்குக் கொட்டும் பணத்திலே மிச்சம். இவை நல்ல காரணங்கள், நாம் மறுக்கவில்லை.

ஆனால் எத்தனாலின் குணம் என்ன? 1 பங்கு எத்தனால் எரிய 9 பங்கு காற்றே போதும். பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட்டோ, பழைய அளவையே கொடுத்துக்கொண்டிருக்கும். அதனாலே கலவையில் காற்று மிகுந்து, எஞ்சின் சூடேறித் தயங்கும். இன்ஜெக்ஷன் வண்டிகளிலே கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும் கருவி உண்டு. கார்புரேட்டருக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. எத்தனால் காற்றின் ஈரத்தையும் தண்ணீரையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்; அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியிலே இறங்கும். டேப் இருப்பதும் அடியிலேதான்! பழைய காலத்து ரப்பர் குழாயும் வாஷரும் இதைத் தாங்காமல் உப்பிப்போவதும் உண்டு. ஆகவே வாசலிலே நிற்கும் பழைய வண்டிக்கு, அடிக்கிண்ணத்தை வடித்துப் பார்ப்பது முன்பைவிட இன்று அவசியமாகிவிட்டது.

மைலேஜ் என்ன ஆகும்? நாம் சொல்லவில்லை, நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது: தூய பெட்ரோலுக்கென்று வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலவைக்கு இசைவித்த இருசக்கர வண்டிகளில், இ-20 ஊற்றினால் 3 முதல் 4 விழுக்காடு வரை குறையும் என்று. சிறிய எண் என்று தோன்றும், பெரிய வீட்டிலே இருந்து பார்த்தால்! நாளொன்றுக்கு 1 லிட்டர் ஊற்றும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 11 முதல் 15 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 1,100 முதல் 1,500 ரூபாய். இழைக்கு இழை எண்ணி வாழ்பவனுக்கு அது சிறிய தொகையா?

இ-20 பெட்ரோலைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வெளிவர 2023 ஏப்ரலைத் தொடக்கமாக வைத்தது அதே அறிக்கை. அதற்கு முன் வாங்கிய வண்டி யாரிடம் இருக்கிறது? ஆண்டுக்கொரு வண்டி மாற்றுகிறவரிடமா? பழையதை விற்கவும் மனமின்றி, புதியதை வாங்கவும் பணமின்றி இருப்பவரிடம் அல்லவா! பிரேசிலிலே கலவை இதைவிட அதிகம் என்பார்கள். உண்மை. ஆனால் அந்த நாட்டிலே, எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள் 2003 முதலே விற்பனைக்கு வந்துவிட்டன. வண்டியும் எரிபொருளும் சேர்ந்து மாறுவது ஒன்று. எரிபொருள் மட்டும் முந்திக்கொண்டு மாறுவது வேறொன்று. எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்கவேண்டும் என்று தொடுத்த வழக்கை 2025 செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் மனுவைத் தள்ளிற்று. பழைய வண்டிக்காரனின் கவலை தள்ளுபடி ஆகவில்லை.

ஆயினும், வண்டி நின்றதும் "எல்லாம் எத்தனால்!" என்று கூவுவதும் கூடாது. அதுவும் ஒரு 'ஆம்'தான்! நம் தோழரின் வண்டியை நிறுத்தியது எத்தனால் அல்ல. அடைபட்ட துளையும் மழைத்தண்ணீரும். காரணம் காணாமல் கார்புரேட்டரைப் பழிப்பதும், காரணம் காணாமல் பெட்ரோலைப் பழிப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். கண்டறிந்து சொல்லும் குறைக்குத்தான் வலிமை உண்டு.

நாம் கேட்பது

ஆகவே, இரு கோரிக்கை வைக்கிறோம். ஆட்சியாளருக்கு ஒன்று: ஊற்றும் பெட்ரோலிலே எத்தனால் எவ்வளவு என்று ஒவ்வொரு பம்பிலும் தெளிவாக எழுதி வையுங்கள், பழைய வண்டிகள் ஓயும் வரையில், குறைந்த கலவைப் பெட்ரோலைச் சாதாரண விலையிலே கிடைக்கச் செய்யுங்கள், தொழிற்பயிற்சி நிலையங்களில் கார்புரேட்டர் பாடத்தைக் கைவிடாதீர்கள்.

தோழர்களுக்கு ஒன்று: பெட்ரோலிலே ஐயம் தோன்றினால் பம்பிலேயே கேளுங்கள். வடிதாளிலே ஒரு சொட்டு விட்டுக் கறை தங்குகிறதா என்று பார்க்கவும், அடர்த்தியை அறியவும், 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தால் அளந்து காட்டச் சொல்லவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கிளை அலுவலகத்திலே, படிப்பகத்திலே, மாதம் ஒரு ஞாயிறு, ஓய்ந்துபோன பழைய மெக்கானிக்கை அழைத்து, மரியாதை செய்து, நாலு இளைஞர்களுக்கு இந்த வித்தையைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். ஒரு திருப்புளி, ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு கண்ணாடிப் பாட்டில். இவ்வளவு கருவி போதும்.

பத்து நாள் கழித்து அதே சந்திப்பிலே நம் தோழரைக் கண்டோம். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, பையிலே நெய்து முடித்த சேலை. அவருக்குப் பக்கத்திலே வேறொருவர், நின்றுபோன பழைய மொபெட்டை உதைத்தபடி, "கார்புரேட்டர் போயிடுச்சாம்" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னது? முதல்லே மூடியைத் திறங்க, அண்ணே!" என்றார் நம் தோழர்.